பின்னால் இருந்த வீடு

“மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. வீடு எங்க?”

“அக்கா, இது ஜந்தர் மந்தர், போராட்டம் நடக்கிற இடம். இங்க எப்படி வீடு இருக்கும்?”

“அப்ப இதை எதுக்குக் காட்டுற? அடுத்ததைப் போடு.”

இளவரசி அடுத்த படத்தைத் திறந்தாள். திரையில் செங்கம்மாள் கழுத்து நரம்பு புடைக்க, ஒரு கையை வானத்துக்குத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடிகளும் தலைகளும் வண்ணப் புகையாகக் கலங்கியிருந்தன. திரைக்கு இந்தப் பக்கம், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த செங்கம்மாள் கண்களைச் சுருக்கிக்கொண்டு தன்னையே உற்றுப் பார்த்தாள்.

“காளி வேஷம் கட்டுனவ மாதிரி இருக்கேன். இதைக் கொண்டுபோய்க் காட்டுனா ஆபீசர் பயந்துபோய் ரெண்டு வீடா குடுத்துடுவான்.”

சுவரில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் மகள் வைஷ்ணவி தலையைத் தூக்காமலே சொன்னாள். “மம்மி, ஜோக் போதும். நாளைக்கு சுபஹ், காலையிலயே குடுக்கணும், யாத் இருக்கா?”

“ஞாபகம் இருக்குதுடி. எனக்கு இல்லாம உனக்கா இருக்கும்?”

கரோல் பாகில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்த அந்த ஒற்றை அறையில்தான் இளவரசி தூங்கினாள், சமைத்தாள், படங்களைத் திருத்தினாள். ஜனவரி வெயில் பனிமூட்டத்தைக் கடந்து ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போயிருந்தது. செங்கம்மாள் போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். அறையில் மூன்று பேர் இருந்தும், திரையில் வாயைத் திறந்து நின்ற அந்த நான்காவது பெண்தான் அதிகச் சத்தம் போடுவதுபோல் இருந்தது. புகைப்படத்தில் குரல் விழாது என்பதை இளவரசியால் இத்தனை வருடங்களாகியும் முழுதாக நம்ப முடிந்ததில்லை.

நாலா என்று டெல்லிக்காரர்கள் சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், தமிழர்கள் குடியிருந்த பாலத்தடி கேம்ப் என்ற குடிசைப் பகுதியைப் போன மழைக்காலத்தில் இடித்துவிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்ததை நிரூபிப்பவர்களுக்கு மட்டும் நகரத்தின் வடகோடியில் மாற்று வீடு என்று அறிவிப்பு வந்தது. செங்கம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தாள். வைஷ்ணவி பிறந்ததும் அங்கேதான். காகிதங்கள்தான் வேறு சொல்லின. கிட்வாய் நகரில் அவள் சமையல் வேலை பார்த்த வீட்டு வாசுதேவன் சார், கேம்ப் முகவரியைப் போட்டால் முகவரிச் சரிபார்ப்பில் இழுத்தடிப்பார்கள் என்று சொல்லித் தன்னுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் முகவரியிலேயே அவளுக்கு ஆதார் எடுத்துக் கொடுத்திருந்தார். நல்ல மனதோடு செய்த காரியம். ஆதாரைப் பின்பற்றி வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாமே அந்த முகவரிக்குப் போய்விட்டன. அவள் புருஷன் வேணுவின் ரேஷன் கார்டோ கடைசிவரை விழுப்புரத்தை விட்டு வரவில்லை. சார் ஓய்வுபெற்று ஊருக்குப் போனதும் அந்தப் பழைய குவார்ட்டர்ஸையும் இடித்து உயரமான கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். செங்கம்மாள் காகிதத்தில் வாழ்ந்த வீடும் இப்போது இல்லை, உடம்போடு வாழ்ந்த வீடும் இல்லை.

முதல் மனு தள்ளுபடியாகிவிட்டது. நாளைக் காலை மேல்முறையீட்டு விசாரணை. அதற்குப் பிறகு கேட்க யாருமில்லை.

“யார் வேணாலும் வந்து சாட்சி சொல்லலாம், அவங்க எடுத்துக்க மாட்டாங்க,” என்று வழக்கை நடத்தும் ராஜவேல் இளவரசியிடம் சொல்லியிருந்தார். “வீடும் நம்பரும் சேர்ந்து தெரியிற மாதிரி அந்தக் காலத்துப் படம் ஒண்ணு போதும்மா. கேமரால இருந்து வந்த அசல் ஃபைலா இருக்கணும். அதுலதான் தேதி இருக்கும். நான் எடுத்தது, திருத்தாததுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

அது அவளுக்குப் புதிதல்ல. பாலத்தடி கேம்ப்பின் பல குடும்பங்களுக்கு இளவரசியின் படங்களே வீடு வாங்கிக் கொடுத்திருந்தன. திண்டிவனத்திலிருந்து படிக்க வந்த நாட்களில், சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களுக்காக நடந்த ஒரு ஊர்வலத்தில்தான் அவள் முதன்முதலாகச் செங்கம்மாளின் ஒப்பாரியைக் கேட்டாள்.

பாதாளக் குழியில
பகலொனக்குத் தெரியலியோ
மூடி செஞ்ச ராசாங்கம்
மூச்சொனக்குத் தரலியோ

இந்தியில் முழக்கமிட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஒரு சொல்லும் புரியாமல் அமைதியானது. போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து செங்கம்மாள் எந்த ஊர்வலத்தில் பாடினாலும் இளவரசி கேமராவோடு எதிரில் நின்றாள். வீட்டு வேலைக்காரப் பெண்களின் பேரணி, கூலி கிடைக்காத கட்டடத் தொழிலாளிகளின் தர்ணா, வன்முறைக்குப் பலியான சிறுமிக்காக மெழுகுவத்தி ஏந்திய கூட்டம். மற்ற நாட்களில் கேம்ப்புக்குப் போய்ச் சும்மா சுற்றுவாள். அப்படிச் சுற்றியபோது வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அழுத்தியவை, அழிக்க மறந்தவை, குழந்தைகள் கேட்டதற்காக எடுத்தவை எல்லாம்தான் இப்போது ஆதாரங்கள். பட்டு என்ற பெண்ணின் கதவையும் அதன் மேலிருந்த எண்ணையும் ஒரு ஆட்டுக்குட்டியை எடுக்கும்போது கேமரா தற்செயலாக விழுங்கியிருந்தது. பட்டுவுக்கு வீடு கிடைத்துவிட்டது.

அக்கறையில்லாமல் எடுத்த படங்களில் எல்லோருடைய வீடும் துலக்கமாக இருந்தது. செங்கம்மாளைத்தான் அவள் அக்கறையோடு எடுத்திருந்தாள்.

“இது?” என்றாள் செங்கம்மாள்.

“நாலாவுக்கு அந்தப் பக்கம். தூணுக்கடியில நீங்க பாடிப் பழகுனப்போ எடுத்தது.”

“ஏன், வீட்டுல பாடறப்போ எடுத்திருக்கக் கூடாது?”

“நீங்க எங்கக்கா வீட்டுல பாடுனீங்க? நானே எத்தனை தடவை கேட்டிருக்கேன். ‘வாசல்ல வெச்சு ஒப்பாரி சொன்னா சாவை வெத்தலபாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி, தள்ளிப்போ’ன்னு தொரத்துனீங்களே.”

செங்கம்மாள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். “பாருடி, நான் சொன்னதை என்கிட்டயே திருப்பிச் சொல்றா. ஆமா, தொரத்துனேன்தான். சாவு விழாத வீட்டுல அழுவக் கூடாது. உசுரோட இருக்கிற மனுசன் உள்ள படுத்திருக்கிறப்போ வாசல்ல நின்னு ‘என் ராசா போனியே’ன்னு பாடுனா அவருக்கு எப்படி இருக்கும்?”

“பப்பாவுக்கு ஹஸி வரும்,” என்றாள் வைஷ்ணவி.

“சிரிப்பாரு. சிரிச்சிட்டு, ‘ராகம் பத்தலடி’ன்னு சொல்வாரு.”

கேம்ப்பின் பெண்கள் யாருமே வீட்டருகே பாடிப் பழகியதில்லை. வேலை முடிந்து வந்து, கால்வாயைத் தாண்டி, மெட்ரோ தூணுக்கடியில் கூடுவார்கள். மேலே ரயில் போகும்போது நிறுத்துவார்கள். அந்தப் படங்களில் பழுப்புத் தூண் இருந்தது, புல் இருந்தது, ஒருமுறை நாய் ஒன்றுகூட இருந்தது. வீடு மட்டும் இல்லை. அந்த வீடு சந்தின் கடைசியில், கால்வாய்ச் சுவரை ஒட்டி இருந்ததால் பக்கத்து வீட்டாரின் படங்களிலும் அது அகப்படவில்லை.

இளவரசி அடுத்த படத்தைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். மீதியிருந்த கோப்புறையின் பெயர் திரையின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அவள் விரல் அதைச் சுற்றிச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது.

செங்கம்மாள்தான் சொன்னாள். “அவரு போன அன்னைக்கு எடுத்தியே. அன்னைக்கு வாசல்லதான பாடுனேன்.”

வைஷ்ணவி கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, அது...”

“அழுவ மாட்டேன். போடு.”

வேணு பெயின்டர். ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். உடல் வந்த அன்று மதியம், அந்த வாசலில் பாட முதல்முறையாக உரிமை கிடைத்தவள்போலச் செங்கம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். இளவரசி கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஓரமாகத்தான் நின்றாள். “எடு பாப்பா,” என்று செங்கம்மாள்தான் சொன்னாள். “ஊர்ல எவனெவனுக்கோ அழுதப்பெல்லாம் எடுத்தியே, என் மனுசனுக்கு அழுவறதை எடு.”

படம் திறந்தது.

அவள் முகம் மட்டும் அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு முடியும், கீழ்இமையில் தேங்கி இன்னும் விழாத ஒரு துளியும், உதட்டு வெடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. காதுக்குப் பின்னால் உலகம் முடிந்துவிட்டது. அங்கே தேன் நிறத்தில் ஒரு மேகம் இருந்தது, இடது பக்கம் அதில் ஒரு நீலக் கசிவு. அதுதான் வீடு. இளவரசிக்குப் பிடித்த பழைய லென்ஸ் அது. அதை முழுக்கத் திறந்துவைத்தால் முகத்தை மட்டும் பற்றிக்கொண்டு பின்னாலிருப்பதையெல்லாம் கரைத்துவிடும். அவள் செங்கம்மாளை எப்போதும் அப்படியே எடுத்தாள். குப்பையும் தகரமும் கம்பியும் அந்த முகத்துக்கு இடைஞ்சல் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. மண்டி ஹவுஸ் பக்கத்தில் நடந்த கண்காட்சியில் இந்தப் படம் ஒரு முழுச் சுவரில் தொங்கியது. ‘இந்தப் பெண்ணுக்கு ஊரில்லை, வீடில்லை. துயரமே அவள் இருப்பிடம்’ என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். அந்த வாக்கியத்தை இளவரசி நெடுநாள் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கம்மாள் திரைக்கு மிக அருகில் குனிந்தாள். அழவில்லை. சுட்டுவிரலால் அந்த நீலக் கசிவைத் தொட்டாள்.

“இதான் நம்பரு. அவரு கையால எழுதுனது. சர்வேக்காரன் செவப்பு மையில கிறுக்கிட்டுப் போனதைப் பாத்துட்டு, பெயின்டர் வீட்டுக்கு இப்படியா நம்பர் எழுதறதுன்னு அன்னைக்கு ராத்திரியே நீல பெயின்ட் கொண்டாந்து எழுதுனாரு. சி எழுபத்தொம்பது.” விரலை எடுக்காமலே கேட்டாள். “இது ஏன் இப்படி இருக்குது? மழையா பெஞ்சது அன்னைக்கு?”

“மழை இல்லைக்கா. நான் எடுத்த விதம் அப்படி.”

“உன் கேமராவுக்குக் கிட்டப் பார்வையா?”

“ருக்கோ ருக்கோ, இருங்க,” என்று வைஷ்ணவி எழுந்து வந்து திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். “ஒரு ஆப் இருக்கு. ப்ளர் போட்டோவை கிளியர் ஆக்கும். எங்க காலேஜ்ல எல்லாரும் யூஸ் பண்றாங்க.”

மூவரும் அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார்கள். ஒரு வட்டம் சுழன்றது. பிறகு தேன் நிற மேகம் விலகியது. அதற்குள்ளிருந்து ஒரு கதவு வந்தது. அழகான கதவு, மரத்தில் பூவேலை செய்தது. பக்கத்தில் வெள்ளைச் சுவர். சுவரில் நீல எழுத்தில், கடைப் பலகைபோலத் திருத்தமாக, பதினெட்டு.

“பதினெட்டா?” செங்கம்மாள் நிமிர்ந்தாள். “அது பட்டு வீடுடி!”

வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செங்கம்மாளும் சிரித்தாள். “பட்டுக்கு ஏற்கெனவே ஒண்ணு வாங்கிக் குடுத்தாச்சு. இது இன்னொண்ணு குடுக்குதா? நல்ல மெஷினுடி. எந்த நம்பரைப் போட்டாலும் யாரோ ஒருத்தி வீடுன்னு அதுக்குத் தெரியாது பாரு.”

“மம்மி, உன் மூஞ்சியப் பாரு,” என்றாள் வைஷ்ணவி. சிரிப்பு அவளிடமிருந்து போய்விட்டிருந்தது. அந்தச் செயலி முகத்தையும் விட்டுவைக்கவில்லை. உதட்டு வெடிப்பை ஆற்றி, இமையிலிருந்த துளியைத் துடைத்து, யாரோ ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்திருந்தது. அவள் அழவில்லை. எதற்காகவோ காத்திருப்பவள்போல வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

“அழிச்சிடு,” என்றாள் செங்கம்மாள்.

கீழே கடைத் தெருவில் யாரோ கம்பளி விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். இளவரசி தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். இஞ்சியைத் தட்டும்போது கை கொஞ்சம் அதிகமாகவே ஓங்கியது. செங்கம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு ஏற்றிக்கொண்டாள்.

“நீ எழுத முடியாதா?”

“என்னதுக்கா?”

“நம்பரை. நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவியே. கல்யாணப் பொண்ணுங்க மூஞ்சில பருவை எடுக்கறேன்னு சொன்னியே. அதே மாதிரி இந்த இடத்துல எழுபத்தொம்பதுன்னு தெளிவா எழுது.”

“அது கல்யாணப் படம்க்கா. இது வேற. இதுல நான் கை வெச்சதே இல்லை. வெளிச்சத்தைக்கூடக் கூட்டுனதில்லை. திருத்தாததுன்னு கையெழுத்துப் போடணும். ஒரு படத்துல கை வெச்சது தெரிஞ்சா, நான் குடுத்த எல்லாப் படமும் பொய்யின்னு ஆயிடும்னு ராஜவேல் சார் சொன்னாரு. பட்டு வீடு, மத்தவங்க வீடு எல்லாத்தையும் திரும்பத் தோண்டுவாங்க.”

“பகட் லேங்கே மம்மி,” என்றாள் வைஷ்ணவி மெதுவாக. “பிடிச்சிடுவாங்க. ஃபைல்லயே தெரியும்.”

“பிடிக்கட்டுமே. என்னத்தைப் பிடிப்பாங்க? எழுபத்தெட்டுன்னா எழுதச் சொல்றேன்? பட்டு வீட்டையா கேக்கறேன்? நான் இருந்த வீட்டு நம்பரு.” அவள் இளவரசியின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. பாடும்போது வானம்வரை போகிற குரல் இப்போது தேநீர் டம்ளரைத் தாண்டவில்லை. “நீ அங்க வந்தியா இல்லியா?”

“வந்தேன்.”

“உள்ள உக்காந்து சோறு தின்னியா இல்லியா?”

“தின்னேன்க்கா.”

“அந்த நம்பரைப் பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன். எத்தனையோ தடவை.”

“அப்ப உன் கண்ணுக்குத் தெரிஞ்சது. உன் படத்துலதான் தெரியல. எது நெசம்?”

இளவரசி திரையைப் பார்த்தாள். அவள் அசைக்க முடியாத நேர்மையென்று நம்பி வைத்திருந்த படம் அது.

“நான் கேக்கறேன்னு கோவிச்சுக்காத பாப்பா. எனக்கு கேமரா தெரியாது. இந்த வீட்டை இப்படிப் புகையாட்டம் ஆக்குனது தானா ஆச்சா, இல்ல நீ ஆக்குனியா?”

“நான்தான். லென்ஸை முழுசாத் திறந்து வெச்சா அப்படி ஆகும். கொஞ்சம் சுருக்கி வெச்சிருந்தா எல்லாமே தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சேதான் பண்ணுன.”

“ஆமாக்கா. உங்க முகம் மட்டும் தெரியணும்னு.”

செங்கம்மாள் தலையாட்டினாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு கணக்கு நேராகிவிட்டதுபோன்ற நிதானமே இருந்தது. “இருந்த வீட்டை இல்லாம பண்ணுனது திருத்தம் இல்லியாம். அதைத் திரும்ப எழுதுனா திருத்தமாம். நல்லா இருக்குது உங்க நாயம்.”

வைஷ்ணவி எழுந்து வெளியே மாடிக்குப் போனாள். திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்தது. கைப்பிடிச் சுவரில் கைகளை ஊன்றி அவள் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து ஒரே முகவரியில் வளர்ந்த பெண். இப்போது தூரத்துச் சொந்தம் ஒருவரின் அறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே தாயோடு சுருண்டு தூங்குகிறாள். அந்தச் சொந்தக்காரரும் இந்த மாதத்தோடு வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இளவரசி பட்டுவை நினைத்தாள். புது வீட்டின் குழாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டியவள். ஒவ்வொரு குடும்பத்தின் கதவுப் படத்துக்குக் கீழேயும் தான் போட்ட கையெழுத்தை நினைத்தாள். பிறகு, எவ்வளவு முயன்றும், எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் அறையின் சுவர் தெளிவாக இருந்தது. ஆணியில் மாட்டிய பை, விரிசல், மின்கம்பி, காலண்டர், எல்லாம்.

செங்கம்மாள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து எழுந்து, நாற்காலியை மடிக்கணினிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள். புடவைத் தலைப்பால் திரையை மெல்லத் துடைத்தாள். தூசி போனது, நீலம் அப்படியே கலங்கித்தான் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, காற்றில் எழுதுவதுபோல மெதுவாக நகர்த்தினாள்.

“இங்கதான் ஆரம்பிக்கும். சி கொஞ்சம் பெருசு. ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுவாரு. ஒம்பதோட வாலை எடது பக்கமா வளைச்சு இழுத்து விட்டிருப்பாரு. நான் பக்கத்துலயே இருந்து சொல்றேன் பாப்பா, தப்பு வராது. எழுதிக் குடு.”